எண்ணெய்த் தலையோடு திரும்பிய நாள்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆனி மாதக் கடைசியில், குற்றாலத்துப் பேரருவியில் நடந்தது இது. இன்றைக்கும் சீயக்காய் வாசனை வந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று காத்திருந்து பார்த்தேன். ஆறுகிற வழியைக் காணோம். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே பள்ளிக்கூடத்துப் படியேறின முதல் பெண் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

விடுதியில் என்னோடு இரண்டு தோழிகள். ஒருத்தி தூத்துக்குடிக்காரி, நல்ல உயரம். அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். இன்னொருத்தி தென்காசிக்காரி, அவள் அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. எங்கள் மூன்று பேருக்கும் ஊர் பார்க்கிற பைத்தியம். கையில் காசு கிடையாது. ஆனால் காசில்லாமல் ஊர் பார்ப்பது எப்படி என்று எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் உட்கார வைத்துப் பாடமே எடுத்திருப்போம். மூன்றில் ஒருத்திக்காவது உறவுக்காரர் வீடு இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் போக வேண்டும். ரயிலில் மூன்றாம் வகுப்பு. சாப்பாடு, விடுதிச் சமையல்கார அம்மாளைக் கெஞ்சி வாங்கிய புளிச்சோறு. ஜட்கா வண்டிக்காரன் கூப்பிட்டால் காது கேட்காதது மாதிரி நடக்க வேண்டும். காபி கிளப்புக்குப் போனால் ஒரு காபிதான், அதை மூன்றாகப் பங்கிட வேண்டும். அந்தப் பங்கில்தான் எங்களுக்குள் சண்டை வரும். நெட்டை தன் முறை வந்தால் ஒரு மடக்குத்தான் என்று சொல்லிவிட்டு வாயில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். “உயரத்துக்குத் தக்கன குடிக்கேன், போங்கட்டி” என்பாள்.

தூத்துக்குடியில் கப்பலும் உப்பு மேடும் பார்த்தோம். திருச்செந்தூரில் கடலைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். அடுத்தது தென்காசி, குற்றாலம். சாரல் தொடங்கிவிட்டது என்று தென்காசிக்காரிக்கு வீட்டிலிருந்து செய்தி வந்த உடனே விடுதி அம்மாளிடம் மூன்று பேரும் போய் நின்றோம். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பிவிட வேண்டும் என்று அனுப்பிவைத்தார்.

கொல்லம் வண்டியில் ஏறினோம். பாவூர்ச்சத்திரம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது நெட்டை என் தோளை இடித்தாள்.

“உங்க ஊரு இங்கன பக்கம்தானட்டி? எங்க ஊரைப் பார்த்தாச்சு, இப்ப இவ ஊருக்கும் போறோம். உன் ஊருக்கு எப்பக் கூட்டிட்டுப் போவ?”

“வயலைத் தவிர அங்கன என்ன இருக்கு?”

“வயலைப் பாக்கோம். நாங்க உப்பைத்தான் பார்த்திருக்கோம்.”

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கூட்டிக்கொண்டு போனால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அது பிடிக்காது. ஊரிலுள்ள வயலெல்லாம் யாருடையது, நாங்கள் யார், என் அப்பா ஏன் தோளில் துண்டு போடாமல் இடுப்பில் கட்டியிருக்கிறார் என்பதையெல்லாம் நான் அவர்களுக்குச் சொன்னதில்லை.

வண்டி கிளம்பியதும் நாற்றங்கால்கள் தெரிந்தன. கார் பருவத்து நடவுக்கு நாற்று தயாராக நின்றது. எங்கள் நாற்றும் அப்படித்தான் நின்றிருக்கும். ஆனால் அதை நட இந்த வருஷம் வயல் உண்டா என்பது அப்பாவுக்கே தெரியாது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நிலம் பண்ணையாருடையது, உழைப்பு எங்களுடையது, விளைச்சலில் அவர் கொடுக்கிற வாரப் பங்கு எங்களுக்கு. இதற்குப் பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்துப் பண்ணையார் தன் வீட்டு வாசலில் நின்று, பயிரிடுகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெற்றிலை பாக்குக் கொடுப்பார். வெற்றிலை கைக்கு வந்தால் இந்த வருஷமும் வயல் உனக்கு. கூப்பிடவில்லையென்றால் இல்லை. ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. எங்கள் அடுத்த வீட்டில் ஒரு வருஷம் அப்படி வெற்றிலை வரவில்லை. அவர்கள் நாற்றை ஆட்டுக்கு விட்டுவிட்டுக் கொழும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. நாங்கள் தென்காசிக்குப் போன அந்த வாரத்தில்தான் எங்கள் ஊரில் வெற்றிலை நாள் வரவிருந்தது.

அதை மறந்துவிட்டு நான் ஊர் பார்க்கப் போனேன் என்று நினைக்காதீர்கள். வெற்றிலை எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. என் அப்பாவைப் போல வயலைப் பார்க்கிறவர் அந்தப் பண்ணையில் வேறு யாரும் இல்லை.

தென்காசியில் இறங்கியதும் கோயில் வாசலுக்குப் போனோம். பிளந்து மொட்டையாக நின்ற கோபுரத்தின் கீழே அடிக்கிற காற்று எங்களைப் பிடித்துத் தள்ளியது. நெட்டை மட்டும் அசையவில்லை. “நீதானட்டி இந்தக் கோபுரத்துக்கு மிச்சம்” என்று தென்காசிக்காரி சொன்னாள். ராத்திரி அவள் வீட்டில் அவியலும் சோறும். விடிந்ததும் குற்றாலத்துக்கு நடந்தோம். முகத்தில் சாரல், ரோட்டோரத்து மரத்திலெல்லாம் குரங்கு, தூரத்தில் மலைமேல் வெள்ளைக்கோடு மாதிரி அருவி. இத்தனை அழகான இடம் என் வீட்டிலிருந்து மாட்டுவண்டியில் போகிற தூரத்தில் இருந்தும் எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். ஒரு பாறையில் உட்கார்ந்து ஒருத்தி தலைக்கு ஒருத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். தென்காசிக்காரியின் அம்மா காய்ச்சிக் கொடுத்த நல்லெண்ணெய். தாராளமாகத் தேய்த்ததில் புருவம் வரை வழிந்தது. அதை ஊறவிட்டு, சீயக்காய்ப் பொடியைக் குழைத்து வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகக் காத்திருந்தோம்.

அப்போதுதான் கம்பும் கயிறுமாக நாலைந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு பெரிய வெள்ளைத் துணியைக் கட்டத் தொடங்கினார்கள். “எந்திரிங்க, எந்திரிங்க! பண்ணை வீட்டம்மா குளிக்க வருதாக!” என்று ஒருவன் கம்பால் பாறையைத் தட்டினான்.

பெரிய வீட்டுப் பெண்கள் குளிக்க வந்தால் திரை கட்டி மற்றவர்களை வெளியே அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்தது அன்றுதான். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது திரை அல்ல. ஒருத்தி கூட முணுமுணுக்கவில்லை. பாதி அலசின தலையோடு, கண்ணில் நுரையோடு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அத்தனை பெண்களும் எழுந்து போனார்கள். மழை வந்தால் ஒதுங்குவார்களே, அந்த மாதிரி.

“இது என்ன, இவுக வீட்டுக் குளியலறையா?” என்று நெட்டை சத்தமாகவே கேட்டாள். கம்புக்காரன் அவளை அண்ணாந்து பார்த்தான். தென்காசிக்காரி எங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். எழுந்தோம்.

திரையைத் தாண்டும்போது ஒரு குரல் கேட்டது.

“ஏட்டி, நில்லு. நீ நம்ம தெக்குப்பத்து வயக்காரன் மவதான?”

தெக்குப்பத்து என் அப்பா பயிரிடுகிற வயல்; கூப்பிட்டது எங்கள் ஊர்ப் பண்ணையார் வீட்டு அம்மாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குற்றாலத்தில் அவர்களுக்கு ஒரு பங்களா உண்டு, சாரல் காலத்தில் வருவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நான் பிறந்ததிலிருந்து அந்த அம்மாளை அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

“ஆமாம்மா.”

“பாளையங்கோட்டையில படிக்கியாம்லா? நல்லதுதான். நல்லா வளர்ந்துட்ட.” நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். அந்த அம்மாள் கொடுமைக்காரி அல்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். “இவளுவ யாரு, உன் சேக்காளிகளா? சரி, எங்கயும் போவாண்டாம். மூணு பேரும் திரைக்கு உள்ளயே நின்னு குளிங்க.”

தென்காசிக்காரியின் முகம் மலர்ந்தது. “பெரிய மனசு” என்று என் காதில் சொன்னாள்.

அந்த அம்மாள் பாறையில் உட்கார்ந்தார். தண்ணீர் தெறிக்கிற இடத்தில், முதுகை என் பக்கம் திருப்பிக்கொண்டு. ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தலைக்கு மேலே பின்னால் நீட்டினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கூட வந்தவ காய்ச்சல்ல படுத்துக்கிட்டா. நீ வந்தது நல்லதாப் போச்சு. இந்தா, முதுகைத் தேச்சு விடு.”

என் கை நீண்டுவிட்டது.

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு. நான் யோசிக்கவில்லை. சரி என்று நினைக்கவில்லை. கை தானாகப் போய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டது. எட்டு வயதில் பாடம் எழுதின கை, பரீட்சையில் முதலாவதாக வந்த கை, அந்தக் குரலைக் கேட்டதும் வேறு யாருடைய கையோ ஆகிவிட்டது. எனக்கு முன்னால் என் அம்மாவும், அம்மாவுக்கு முன்னால் அவள் அம்மாவும் நீட்டின கை அது.

கிண்ணம் கனத்தது. நெட்டை என்னைப் பார்த்தாள். அவள் பார்வை என் கையில் இருந்தது.

“என்னட்டி நிக்க? தேயி. உங்கப்பன் இந்த வாரம் வெத்தலைக்கு வருவாம்லா?” என்றார் அந்த அம்மாள். மிரட்டவில்லை. பேச்சுவாக்கில், பிரியமாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு நாற்றங்கால் கண்முன்னால் வந்தது. ஆட்டுக்கு விட்ட நாற்றும் வந்தது. ரெண்டு தேய் தேய்த்தால் போதும், அப்பாவுக்கு வயல் நிச்சயம். தேய்க்காவிட்டால்? அது எனக்குத் தெரியாமல் இல்லை.

கிண்ணத்தைப் பாறையில் வைத்தேன். வைக்கும்போது சத்தம் கேட்டது.

“அம்மா, நான் குளிக்க வந்தேன். தேய்ச்சு விட வரலை.”

அவர் திரும்பினார். முதலில் கோபமே வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. “படிச்ச புள்ளைக்குக் கை வலிக்குமோ? உங்கம்மா கையெல்லாம் வலிக்கலையே!” என்றார். நான் கிண்ணத்தைத் திரும்ப எடுக்கவில்லை. சிரிப்பு மெதுவாகப் போயிற்று. “சரி” என்றார். திரைக்கு வெளியே நின்ற கம்புக்காரனுக்குக் குரல் கொடுத்தார். “இவளை வெளிய விடு.”

வெளியே வந்தேன். நெட்டை என்னோடு வந்தாள், யாரும் சொல்லாமலே. தென்காசிக்காரி வரவில்லை. தலையை அலசிக்கொண்டு, ஈரக்கூந்தலை முறுக்கிப் பிழிந்துகொண்டு அவள் வெளியே வரும்வரை நாங்கள் எண்ணெய்த் தலையோடு சாரலில் நின்றோம். எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. நான் அழுகிறேன் என்று போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். நான் அழவில்லை.

“அப்படி என்னட்டி உனக்குப் பெரிய கெத்து? ரெண்டு தேய் தேச்சிருந்தா கொறஞ்சா போயிருவ? மூணு பேரும் நிம்மதியாக் குளிச்சிருக்கலாம்லா” என்று வந்ததும் வராததுமாகத் தென்காசிக்காரி கேட்டாள்.

“உன்னைத் தேய்க்கச் சொல்லலைல்லா? அதனால உனக்குக் கொறையலை” என்றேன்.

“நீ அவுக ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லவே இல்லையே.”

“நான் யாரு ஆளும் இல்லை.”

நெட்டை நடுவில் வந்து நின்றாள். “ரெண்டு பேரும் வாயை மூடுங்க. எனக்கு எண்ணெய் காதுக்குள்ள போவுது.”

கீழே சிற்றாற்றில் இறங்கித் தலையை அலசிக்கொள்ளலாம் என்று நெட்டை சொன்னாள். நானும் குனிந்தேன். குனிந்த பிறகுதான் தோன்றியது, அங்கே மேலே அந்த முதுகைக் கழுவுகிற தண்ணீர் இந்த வழியாகத்தானே வரும் என்று. எழுந்துவிட்டேன். நெட்டை மட்டும் அலசினாள். நான் அந்தத் தலையோடு தென்காசிக்கு நடந்து, ரயிலேறி, பாவூர்ச்சத்திரத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, பாளையங்கோட்டை விடுதிக் கிணற்றில் வந்துதான் அலசினேன். அன்று கிணற்றடியில் நான் இறைத்த தண்ணீரில் ஒரு வயல் நனைந்திருக்கும்.

அதற்கப்புறம் அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெற்றிலை வருமா? அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கேட்டு எழுதவும் வழியில்லை. கடைசியில் எங்கள் ஊரிலிருந்து வைக்கோல் வண்டி ஓட்டி வருகிற ஒரு அண்ணாச்சியைச் சந்தைக்கு அருகே பார்த்தேன். கேட்டேன்.

“உங்கப்பனுக்கா? வெத்தல வாங்கிட்டானே. நட்டும் முடிச்சிட்டான். ஏன், உனக்கென்ன அதில சந்தேகம்?”

நான் ஓடாத குறையாக விடுதிக்கு வந்தேன். என் தலைக்கு அன்று கொம்பு முளைத்தது. பார்த்தாயா, எதிர்த்துச் சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை! வெறும் பயம்தான் இத்தனை காலமும் எங்கள் ஆட்களை வளைத்து வைத்திருக்கிறது என்று விடுதியில் எல்லோரிடமும் சொன்னேன். மாணவியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். கைதட்டினார்கள். தென்காசிக்காரிகூட வந்து, “உனக்குத் தைரியம்தான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். கார் அறுவடை முடிந்து வீட்டில் புதுநெல் கிடந்தது. அம்மா முற்றத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் தங்கைக்குக் குற்றாலக் கதை வேண்டும். நான் அருவி எப்படி விழும், குரங்கு எப்படிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“தண்ணி விழுற எடத்துக்கு வலது கைப் பக்கம் ஒரு பெரிய பாறை கிடக்கும். அங்கனதான் உட்கார்ந்து எண்ணெய் தேய்ப்பாங்க.”

“இடது கைப் பக்கம்லா” என்றாள் அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அங்கன பாசி வேற. காலு நிக்காது.”

நான் கதையை நிறுத்தினேன். அம்மா கையும் நின்றது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் முறத்தை மறுபடி தட்டினாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன்.

“அம்மா, உனக்கு எப்படித் தெரியும்?”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. நான் கிண்ணத்தைக் கீழே வைத்த அன்று சாயங்காலமே குற்றாலத்திலிருந்து ஆள் வந்திருக்கிறான். மகளுக்குக் கை வலிக்குதாம், அம்மாக்காரியை அனுப்பு என்று. வில்வண்டியில் அல்ல, பங்களாவுக்குக் காய்கறி கொண்டுபோகிற வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சாரல் முடிந்து அந்தக் குடும்பம் ஊர் திரும்புகிற வரைக்கும் அம்மா அங்கேயே இருந்திருக்கிறாள். தினமும் அந்தப் பாறையில், அந்த முதுகை, அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு. அம்மா பங்களாவுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் அப்பாவை வெற்றிலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்த நாளில் என் அம்மா பாசிப் பாறையில் முட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ குளிச்சியா?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“நான் எங்கட்டி குளிக்க? அவுக குளிச்சு முடிச்சதும் துணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வரணும்லா.” பிறகு, என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி, “மேல தெறிச்சுதுலா. அதே குளிச்ச மாதிரித்தான். என்னா சத்தம்ட்டி! எனக்கும் ஒருக்காப் பார்த்திரணும்னு ஆசைதான். உன்னாலதான் பார்த்தேன்” என்றாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. பண்ணை வீட்டு வாசலில் போய் நின்று கேட்கப்போகிறேன் என்று கிளம்பினேன். அதுவரை மூலையில் கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்திருக்காமலே பேசினார்.

“போய்க் கத்திட்டு வா. உனக்குப் போக்கிடம் பாளையங்கோட்டை இருக்கு. எங்களுக்கு இந்த வயதான் இருக்கு.”

நான் நின்றுவிட்டேன். அவர்மேலும் கோபம் வந்தது. ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். “வேற யாரை அனுப்ப?” என்றார்.

அம்மா அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டே சொன்னாள்: “நீ கிண்ணத்தைக் கீழ வச்சன்னு அந்தம்மாதான் எங்கிட்டச் சொன்னாக. குத்தமாத்தான் சொன்னாக. எனக்கு உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருந்துது. நீயும் தேச்சு விடுததுக்கா உன்னைப் படிக்க அனுப்பினேன்?”

பிறர் இந்த இடத்தில், நான் அவசரப்பட்டுவிட்டேன், என் கர்வத்துக்கு அம்மா விலை கொடுத்தாள் என்று எழுதுவார்கள். என்னிடமும் சிலர் அப்படிச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் செய்தது சரி. ஒரு பெண் முடியாது என்று சொன்னால், அவள் அம்மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்களே, தப்பு அங்கே இருக்கிறது. அதை என் தலையில் கொண்டுவந்து வைக்காதீர்கள். அதில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது.

படிப்பு முடிந்து சுரண்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் சாரலுக்கு அம்மாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாணவியாக இருந்தபோது போன அதே மாதிரிதான் போனோம். மூன்றாம் வகுப்பு, புளிச்சோறு, தென்காசியிலிருந்து நடை. ஜட்காவுக்குச் சம்பளத்தில் காசு இருந்தது. அம்மாதான் வேண்டாம் என்றாள். காபி கிளப்பில் ஒரு காபி வாங்கி ஆளுக்குப் பாதி குடித்தோம். நெட்டை கூட இருந்திருந்தால் எனக்குப் பாதி கிடைத்திருக்காது என்று சொன்னேன். அம்மா சிரித்தாள்.

பாறை இடது கைப் பக்கம்தான் இருந்தது. அம்மாவை அதில் உட்கார வைத்து அவள் தலையில் எண்ணெய் தேய்த்தேன். கூச்சப்பட்டு நெளிந்தாள். “விடுட்டி, யாராவது பாக்கப் போறாக” என்றாள். பார்க்கட்டும் என்று அழுத்தித் தேய்த்தேன்.

நம்ப மாட்டீர்கள். அன்றும் கம்பும் கயிறுமாக ஆட்கள் வந்தார்கள். வேறு ஏதோ ஒரு பெரிய வீடு. “எந்திரிங்க, எந்திரிங்க!” என்று அதே தட்டு, அதே குரல். எல்லோரும் எழுந்தார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மாவும் எழுந்து, வழிகிற எண்ணெயோடு கயிற்றுக்கு வெளியே போய் நின்றுவிட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

“உங்களைத்தாம்மா, கொஞ்சம் எந்திரிச்சுக்கிடுங்க” என்றான் கம்புக்காரன். என் புடவைக் கட்டையும் கண்ணாடியையும் பார்த்து வந்த மரியாதை அது. அதே மூச்சில் அம்மாவைப் பார்த்து, “ஏட்டி, இன்னுந் தள்ளி நில்லு” என்றான்.

“அவங்க என் அம்மா. எண்ணெய் தேய்ச்சிருக்காங்க. தலை அலசாம நாங்க எந்திரிக்க மாட்டோம்.”

“பெரிய வீட்டம்மா வருதாகம்மா...”

“வரட்டும். தண்ணீ நிறைய விழுது.”

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படித்த பொம்பளையைக் கையைப் பிடித்து இழுக்க அவனுக்குப் பழக்கமில்லை. அம்மா கயிற்றுக்கு வெளியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். “வாட்டி, போயிருவோம். இவுக நம்ம பண்ணைக்குச் சொந்தமா இருந்துட்டா?”

“நீ தலை அலசாமப் போகக் கூடாது. நான் ஒருக்கா அப்படிப் போயிட்டேன், போதும்.”

அம்மா கம்புக்காரனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து கயிற்றுக்குக் கீழே நுழைந்து வந்தாள். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள்! என் ஆயுளில் அம்மாவிடமிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அந்தப் பெரிய வீட்டுப் பெண்கள் வந்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள், இரண்டடி தள்ளி நின்று குளித்தார்கள். அருவி யாருக்கும் குறைந்துவிடவில்லை.

கதை நன்றாக முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பா இன்னும் வருஷா வருஷம் வெற்றிலைக்குப் போய் நிற்கிறார். நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது என் வகுப்புப் பெண் ஒருத்தி, நான் கேட்காமலே, என் பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுகிறாள். ஒவ்வொரு நாளும் அந்தச் சின்னக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, பையை நானே சுமந்துகொண்டு போகிறேன். யாரும் சொல்லாமல் தானாக நீளும்படி அந்தக் கையைப் பழக்கி வைத்தவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை, குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் முழுவதும் சேர்ந்தும் இதுவரை அணைக்க முடியவில்லை.